எதைவிட நல்ல கதவு?

'டமார்' என்று ஒரு சத்தம். குளியலறைப் பக்கமிருந்து வந்தது.

சமையலறையில் காபி ஆற்றிக்கொண்டிருந்தவளின் கை அந்தரத்தில் நின்றது. பக்கத்து அறையில், இரவெல்லாம் அச்சகத்தில் கண்விழித்துவிட்டு அப்போதுதான் படுத்த கணவன் புரண்டான், கட்டில் முனகியது. தொடர்ந்து, அவள் எதிர்பார்த்தபடியே, கூடத்திலிருந்து மாமியாரின் குரல் வந்தது.

"பெரியவ வீட்டுக் கதவெல்லாம் சத்தமே போடாது."

அதில் கோபமில்லை, குத்தலும் இல்லை. வானொலியில் வானிலை அறிக்கை வாசிப்பவரின் நிதானம்தான் இருந்தது. ஆனால் கதவு அடித்த அடி நிலையில் விழுந்தது. மாமியார் சொன்ன சொல் சின்னவளின் நெஞ்சில் விழுந்தது.

சின்னவள் என்றால் இந்த வீட்டின் இளைய மருமகள். நாற்பதைத் தொட்டுவிட்டாலும் வீட்டில் அவள் சின்னவள்தான். வேலை பார்ப்பது டோர் குளோசர் செய்யும் கம்பெனியில். திறந்துவிட்ட கதவை யாரும் தொடாமலே மெல்ல இழுத்து மூடுமே, கதவின் தலைமாட்டில் உட்கார்ந்து கையை மடக்கி நீட்டும் அந்தச் சின்னப் பெட்டி, அதை வடிவமைக்கும் பொறியாளர். ஊரார் கதவுகளைச் சத்தமில்லாமல் மூட வைப்பவள் வீட்டுக் குளியலறைக் கதவு இப்படி ஊரைக் கூட்டினால் அந்தப் பெண் எங்கே போய் முட்டிக்கொள்வாள்?

இத்தனைக்கும் அந்தக் கதவில் மாட்டியிருந்தது அவளே யோசித்துச் செய்த புது மாதிரி. வழக்கமான பெட்டிக்குள் எண்ணெய் இருக்கும், நாளாவட்டத்தில் கசியும், கதவெல்லாம் கறை வழியும். இவளுடையதில் எண்ணெயே கிடையாது. ஒரு ஸ்பிரிங், ஒரு குழாய், குழாய்க்குள் காற்று. காற்று மெதுவாக வெளியேற, கதவு மெதுவாக மூடும். அப்படித்தான் மூட வேண்டும். அன்று வெந்நீர் ஆவியில் உள்ளே ஒட்டியிருந்த வாஷர் கழன்றுகொண்டது; காற்று ஒரே மூச்சில் வெளியேறிவிட்டது.

காபியை மாமியாரிடம் கொடுத்துவிட்டு, பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமனாரைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"எட்டு," என்றார் மாமனார், பேப்பரிலிருந்து தலையெடுக்காமல்.

"கதவுக்கா மாமா?"

"காபிக்கு."

அவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். உலகத்தில் எதைக் கண்டாலும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டாக வேண்டும் அவருக்கு. போடுவது எப்போதும் எட்டு. ஏழு கொடுத்தால் முகம் வாடுகிறது, ஒன்பது கொடுத்தால் தலைக்கனம் வருகிறது, ஆகவே எட்டு என்பது அவருடைய வாழ்நாள் ஆராய்ச்சியின் முடிவு. எதிர்வீட்டுப் பெரியவரின் இறுதி ஊர்வலத்துக்குப் போய்வந்தபோதுகூடக் கால் கழுவிக்கொண்டே எட்டு என்றார்.

மாமியாரின் வழி வேறு. எதையும் நன்றாக இருக்கிறது, நன்றாக இல்லை என்று அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை. ஒன்றைவிட இன்னொன்று தேவலை, ஒன்றுக்கு இன்னொன்று மட்டம், அவ்வளவுதான். அந்த ஒன்று யார் என்றால் மூத்த மருமகள், பெரியவள். அவள் இருப்பது ஒரு ராத்திரி ரயில் பயணத் தொலைவில். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவாள். அவள் மடிக்கிற துணியில் சுருக்கம் விழாது. அவள் வீட்டுப் பால் பொங்காது. இங்கே மழை பெய்தால் அங்கே இன்னும் நன்றாகப் பெய்யும்.

பாவம் சின்னவள். எட்டு வாங்கியும் சந்தோஷப்பட வழியில்லை, எல்லோருக்கும் எட்டு. போட்டியிட்டு ஜெயிக்கவும் வழியில்லை, எதிராளி வீட்டிலேயே இல்லை. கண்ணுக்கு எட்டாத இடத்தில் உட்கார்ந்திருப்பவள் காபியில் சர்க்கரை குறைந்ததை யார் பார்த்தார்கள்?

அவளிடம் ஒரு விசித்திரப் பழக்கம் உண்டு. கைப்பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, விரல் நீளத்தில் ஒரு ஸ்க்ரூடிரைவர் இருக்கும். கல்யாணமான புதிதில் வந்த பழக்கம். புருஷன் பகலில் தூங்குகிறவன். ஒவ்வொரு கதவும் அவளுக்கு எதிரி. டோர் குளோசரின் விலாவில் ஒரு திருகு இருக்கும். அதைக் கொஞ்சம் முடுக்கினால் கதவு மெதுவாகும். வீட்டு வாசல் கதவுக்குத் தினமும் காலையில் ஒரு கால் திருப்பு, வாரம் ஒரு சொட்டு எண்ணெய். பிள்ளைக்குத் தலைவாரி விடுவதுபோல் கவனித்துக்கொள்வாள். பிறகு அது கையோடு வந்த குணமாகிவிட்டது. எங்கே ஒரு கதவு உரக்கப் பேசினாலும் அவளுக்குப் பொறுக்காது. ஒருமுறை வங்கியில், டோக்கன் எண்ணைக் கூப்பிடுவதற்குள் நாற்காலி போட்டு ஏறிக் கதவைச் சரிசெய்து, காவலாளியிடம் மாட்டிக்கொண்டு, மேலாளர் அறையில் விளக்கம் சொல்லிவிட்டு வந்தாள். மேலாளர் அறைக் கதவையும் பார்த்துவிட்டுத்தான் வந்தாள்.

ஆபீஸிலாவது நிம்மதி உண்டா என்றால், அங்கேயும் அதே மாமியார், அதே மாமனார். உடைதான் வேறு.

சோதனைக்கூடத்துத் தலைவருக்கு 'பிளஸ் மைனஸ்' என்று பட்டப்பெயர். அவருடைய முறை ஒப்பிடும் முறை. கம்பெனி இப்போது விற்றுக்கொண்டிருக்கும் மாடல் ஒன்றைச் சோதனைக்கூடத்துக் கதவில் மாட்டிவைத்திருந்தார். அதற்கு எல்லோரும் மரியாதையாக வைத்த பெயர் 'பெரியவர்'. புதிதாக யார் என்ன யோசனை கொண்டுவந்தாலும் பெரியவருக்குப் பக்கத்தில் நிறுத்துவார்கள். சத்தம், மென்மை, விலை, உழைப்பு, மாட்டுகிற வசதி, முழுக்க மூடுகிறதா என்று ஒவ்வொரு குணமாக எடுத்து, பெரியவரைவிட மேல் என்றால் பிளஸ், கீழ் என்றால் மைனஸ், சமம் என்றால் பூஜ்யம். எண்ணிப் பார்த்தால் முடிவு தெரிந்துவிடும்.

விற்பனைப் பிரிவிலிருந்து வருகிறவருக்கு 'மார்க்கு' என்று பெயர். யாரோடும் ஒப்பிடாதீர்கள், ஒவ்வொன்றும் தன் தகுதியில் நிற்கட்டும், பத்துக்கு எத்தனை என்று தனித்தனியாகப் போடுங்கள் என்பார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் பத்து என்றால் என்ன என்று யாரும் பேசிக்கொண்டதில்லை. மார்க்கு மலிவாக எதைக் கண்டாலும் ஒன்பது போடுவார். உற்பத்திப் பிரிவுக்காரர் பிறவியிலேயே ஐந்துக்கு மேல் போடாதவர். கூட்டிக் கழித்து வகுத்தால் எல்லாமே ஏழில் வந்து நிற்கும்.

இந்த வருஷம் போட்டியில் நான்கு யோசனைகள் இருந்தன. அதில் சின்னவளுடைய காற்றுக் குழாய் ஒன்று. பிளஸ் மைனஸ் தாமே யோசித்த காந்தப் பூட்டு ஒன்று. மற்ற இரண்டும் எண்ணெய்ப் பெட்டியின் தம்பி தங்கைகள். ஒப்பிடும் முறையில் சின்னவளுடையது கடைசியில் வந்தது. சத்தத்துக்கு மைனஸ், மென்மைக்கு மைனஸ். மதிப்பெண் முறையில் அதே காற்றுக் குழாய் ஒரு நூலிழையில் முதலிடம்.

தலைமைப் பொறியாளர் இரண்டு முடிவுகளையும் மேசையில் வைத்து மாறி மாறிப் பார்த்தார். கூட்டத்தில் அவர் சொன்னது சுருக்கம்தான். ஒரே பொருளை ஒருவர் முதல் என்கிறார், ஒருவர் கடைசி என்கிறார். யாரோ எங்கேயோ தப்புச் செய்கிறார்கள். எங்கே என்று தெரியாவிட்டால் அடுத்த செவ்வாய்க்கிழமை ஒப்பிடும் முறையையே எடுத்துக்கொண்டு காற்றுக் குழாயை மூட்டை கட்டிவிடலாம். கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்த பிறகு சின்னவளை மட்டும் நிறுத்தினார்.

"இத்தனை வருஷத்துல உங்க யோசனை ஒண்ணுகூட வெளியில போகல. எனக்கே சங்கடமா இருக்கு. இதுவும் போகலைன்னா, உங்களைப் புகார் பிரிவுக்கு மாத்தச் சொல்லி மேல இருந்து பேச்சு வந்திருக்கு."

புகார் பிரிவு என்பது கட்டடத்தின் பின்பக்கம், ஜன்னல் இல்லாத அறை. நாள் முழுக்கத் தொலைபேசி அடிக்கும். எடுத்துக் கேட்டு, பதில் சொல்லி, வைக்க வேண்டும். வைப்பதற்குள் மறுபடி அடிக்கும். பென்சில் பிடித்த கை அங்கே போனால் பென்சிலை மறந்துவிடும். அன்று பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தும் அவள் வெளியே பார்க்கவில்லை. கண்ணில் தளும்பியதை முந்தானையால் ஒற்றியபோது பக்கத்தில் இருந்த அம்மாள், "தூசியாம்மா?" என்று கேட்டு ஜன்னலைச் சாத்தப் போனார். ஜன்னல் கறமுற என்றது. இவள் கை தானாகக் கைப்பைக்குள் போனது.

வீட்டுக்கு வந்தால் வாசலில் ஒரு பெரிய சூட்கேஸ். பெரியவள் வந்திருந்தாள்.

போதாத காலம் என்றால் தனியாக வராது போலிருக்கிறது என்று மனசுக்குள் நொந்தபடி செருப்பைக் கழற்றினாள். ஒப்பீட்டு அளவுகோலே நேரில் வந்து இறங்கிவிட்டது. இனி ஒரு வாரத்துக்கு எழுந்தால் மைனஸ், உட்கார்ந்தால் மைனஸ். உள்ளே காலெடுத்து வைக்கும்போது கூடத்திலிருந்து மாமியாரின் குரல் கேட்டது.

"காபி நல்லாத்தான் இருக்கு. ஆனா சின்னவ கலக்குற மாதிரி வரல."

சின்னவளுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. எட்டிப் பார்த்தாள். கையில் டம்ளருடன் நின்றிருந்த பெரியவள், பல வருஷமாகக் கேட்டுப் பழகிய முகத்தோடு, "சரி அத்தை," என்றாள்.

மாமனார் அந்தக் காபிக்கு எட்டு போட்டார்.

அன்று ராத்திரிச் சாப்பாடு முடிவதற்குள் பெரியவள் மடித்த துணிக்கும், நறுக்கிய காய்க்கும், பெருக்கிய கூடத்துக்கும் மைனஸ் விழுந்துவிட்டது. எல்லாம் சின்னவளைவிட. சின்னவளுக்கு வெற்றிக் களிப்பு வரவில்லை, கூச்சமாக இருந்தது. அதற்கு மேல் ஒரு பேச்சு வந்தது. மாமியார் தோளில் கிடந்த நீலச் சால்வையைத் தடவிக்கொண்டே, "பிறந்த நாளைக்கு நீ அனுப்பின சால்வை. குளிருக்கு இதமா இருக்கு," என்றார் பெரியவளைப் பார்த்து.

பெரியவள் சால்வையைப் பார்த்தாள். பிறகு, தட்டுகளை அடுக்கும் சாக்கில் குனிந்துகொண்ட சின்னவளைப் பார்த்தாள்.

"பிடிச்சிருந்தாச் சரி அத்தை," என்றாள்.

பாத்திரம் கழுவப் போன இடத்தில் பெரியவள் அவளைப் பிடித்துக்கொண்டாள். சமையலறைக் கதவை ஒருக்களித்துவிட்டு, புடவையை இழுத்துச் செருகி, கரண்டியை நீட்டி விசாரணையைத் தொடங்கினாள். எத்தனை வருஷமாக இது நடக்கிறது என்று கேட்டாள். சின்னவள் மென்று விழுங்கினாள். ஒரு வருஷம் பிறந்த நாளுக்குப் பெரியவளிடமிருந்து போன்கூட வரவில்லை, அத்தை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார், பார்க்கச் சகிக்கவில்லை, தெருமுனைக் கடையில் ஒன்று வாங்கி அக்காவிடமிருந்து பார்சல் வந்தது என்று கொடுத்தேன், அப்புறம் நிறுத்த முடியவில்லை என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தாள்.

"அடிப்பாவி," என்றாள் பெரியவள். சிரித்தாளா அழுதாளா என்று அந்த மங்கல் வெளிச்சத்தில் தெரியவில்லை. "நான் அந்த வருஷம் ஆஸ்பத்திரியில இருந்தேன். யார்கிட்டயும் சொல்லல. இவங்க போன்ல, சின்னவ இப்படிச் செஞ்சா, சின்னவ அப்படிச் செஞ்சான்னு சொல்லிச் சொல்லி, உன் பேரைக் கேட்டாலே எனக்குக் காய்ச்சல் வரும்."

"எனக்கு உங்க பேரைக் கேட்டா வயித்தைக் கலக்கும் அக்கா."

இருவரும் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தின் மறைவில் கொஞ்ச நேரம் சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்ததும் பெரியவளுக்கு ஒன்று ஞாபகம் வந்தது.

"ஆமா, நீ கம்பெனி விலையில எங்க வீட்டுக்கு ஒரு டோர் குளோசர் வாங்கி அனுப்பினியே. அது பீரங்கி மாதிரி அடிக்குதுடி. கீழ் வீட்டுக்காரர் வந்து சண்டை போடுறார். இங்க உன் வாசல்ல இருக்கறதும் அதே மாடல்தானே? இது பூனை மாதிரி மூடுது. எனக்கு மட்டும் மட்டமான சரக்கை அனுப்பினியா?"

"ஐயோ இல்லக்கா. ரெண்டும் ஒரே சரக்கு. இதுக்கு நான் தினமும் காலையில ஒரு கால் திருப்பு கொடுப்பேன். அதான்."

"அப்ப நல்லா இருக்கறது பெட்டி இல்ல. நீ."

பெரியவள் தட்டைத் துடைத்துக்கொண்டே தொடர்ந்தாள்.

"என்னையும் அப்படித்தான் பண்ணி வச்சிருக்க. நீயே என்னைத் தேய்ச்சு மினுக்கி மேல வைப்ப. அப்புறம் பக்கத்துல நின்னு, ஐயோ நான் மங்கலாத் தெரியறேனேன்னு அழுவ. நான் என்ன பண்ண முடியும்?"

சின்னவளின் கையிலிருந்த டம்ளர் தொட்டிக்குள் நழுவியது. அவள் கண்முன் வந்தது சால்வை இல்லை. ஆபீஸில், தன் இடத்துக்குப் போகும் வழியில், தினமும் காலையில் அவள் கடந்து போகும் ஒரு கதவு. கொஞ்சம் உரக்கப் பேசும் கதவு. எப்போது எட்டினாள், எப்போது திருகினாள் என்று அவளுக்கே தெரியாது. நடந்துகொண்டே முந்தானையைச் சரிசெய்வதுபோல் அது ஒரு பழக்கம். சோதனைக்கூடத்துக் கதவு. பெரியவர்.

தன் யோசனைகளை எல்லாம் வருஷம் தவறாமல் தோற்கடித்தது பெரியவர் அல்ல. இந்தக் கைதான்.

அந்த வார இறுதி முழுக்க அவள் உண்ணவில்லை என்று எழுத ஆசைதான். உண்டாள், கொஞ்சம் குறைவாக. சொன்னால் எல்லோர் முன்னாலும் முகம் கறுக்க நிற்க வேண்டும். சொல்லாவிட்டால் ஜன்னல் இல்லாத அறை. செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் தலைமைப் பொறியாளர் அவளைப் பார்த்ததும் கைப்பையைத் திறந்து, விரல் நீள ஸ்க்ரூடிரைவரை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"தப்பு எங்கன்னு கண்டுபிடிச்சுட்டேன் சார். இதுதான்."

அவள் விஷயத்தைச் சொல்லச் சொல்ல பிளஸ் மைனஸின் முகம் போன போக்கை விவரிக்கக் கல்நெஞ்சு வேண்டும். அவர் கண்ணிமைபோல் காத்த பெரியவருக்கு இத்தனை காலமும் ஒரு தனி நர்ஸ் இருந்திருக்கிறாள். கடையில் வாங்குகிற எந்த வீட்டிலும் அப்படி ஒரு நர்ஸ் கிடையாது. நாம் விற்பதோடு ஒப்பிட்டோம் என்று நினைத்தோம், நாம் விற்காத ஒன்றோடு ஒப்பிட்டிருக்கிறோம் என்று அவர் தமக்குத்தாமே முணுமுணுத்தார். ஒரு மூச்சில் தண்ணீர் குடித்தார்.

கிடங்கிலிருந்து அதே மாடலில் அட்டைப்பெட்டி பிரிக்காத புதுசு ஒன்றை வரவழைத்து, பெரியவரை இறக்கிவிட்டு அந்த இடத்தில் மாட்டினார்கள். கதவைத் திறந்து விட்டார்கள்.

'டமார்.'

மேசைமேல் பேனாக்கள் துள்ளின. மார்க்கு நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். கடைசியில் தலைமைப் பொறியாளர்தான், கதவு அடிக்கிறது என்று புகார் பிரிவுக்குத் தினமும் போன் வருகிறதாமே, என்ன பதில் சொல்கிறோம் என்று விசாரித்தார். விலாவில் இருக்கும் திருகைத் திருப்பிக்கொள்ளச் சொல்கிறோம் என்று தெரிந்தது.

மறுபடி ஒப்பிட்டார்கள். இப்போது சின்னவளுடைய காற்றுக் குழாய்க்குச் சத்தத்தில் பிளஸ், மென்மையில் பிளஸ், விலையில் பிளஸ். ஒரே ஒரு மைனஸ்: கடைசி விரல் அகலத்தில் காற்றுக்கு வலுவில்லை, கதவு நிலையைத் தொட்டும் தொடாமலும் நின்றுவிடுகிறது. ஆனாலும் நான்கில் அதுதான் முதல்.

அவள் முகம் மலர்வதற்குள் மார்க்கு கையைத் தூக்கினார். வாய்க்கு வந்ததைச் சொல்லும் மனிதராக இருந்தாலும் அன்று அவர் கேட்டது கேட்க வேண்டிய கேள்வி.

"இந்தப் பீரங்கியைவிட நல்லதுன்னு புரியுது. ஆனா நல்லதா? பீரங்கியைவிட நல்லாக் கதவைச் சாத்த எங்க வீட்டு எருமையாலகூட முடியும்."

அதனால் மதிப்பெண்ணும் மறுபடி போட்டார்கள். இந்த முறை, பத்து என்றால் என்ன என்று முதலில் பேசிக்கொண்டார்கள். சத்தத்துக்கான அளவைச் சொல்லும் உரிமை சின்னவளுக்குக் கிடைத்தது. பக்கத்து அறையில் தூங்குகிறவருக்குக் கதவு மூடியதே தெரியாவிட்டால் பத்து என்றாள். புரண்டு படுத்தால் ஐந்து. எழுந்து வந்து யார் போய்விட்டார்கள் என்று கேட்டால் பூஜ்யம். இப்படியே ஒவ்வொரு குணத்துக்கும் ஓர் எல்லை கட்டிய பிறகு, முதல்முறையாக எல்லோருடைய எண்களும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் வந்தன. உற்பத்திக்காரர் வாழ்க்கையில் முதல்முதலாக ஆறு போட்டார். போட்டுவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டார். காற்றுக் குழாய்க்குச் சராசரி ஆறு. மற்ற மூன்றும் அதற்கும் கீழே. கடையில் விற்கும் மாடலுக்கு விழுந்த மதிப்பெண்ணைச் சபையில் சொல்ல வேண்டாம் என்று தலைமைப் பொறியாளர் கேட்டுக்கொண்டார்.

எது முன்னால் நிற்கிறது என்று ஒப்பீடு காட்டியது. நின்ற இடம் போதுமா என்று மதிப்பெண் காட்டியது. போதாது. ஆறு வாங்கிய கதவை யார் வீட்டுக்கு அனுப்புவது?

அப்போதுதான் பிளஸ் மைனஸ், இடிந்துபோய் உட்கார்ந்திருந்தவர், எழுந்து வந்தார். தம்முடைய தோற்றுப்போன காந்தப் பூட்டை எடுத்து, அதிலிருந்த பொத்தான் அளவுக் காந்தத்தைக் கழற்றி, சின்னவளின் உள்ளங்கையில் வைத்தார்.

"கடைசி விரல் அகலத்துக்கு இது இழுக்கும்மா. என்னோடதுல உருப்படியா இருந்தது இது ஒண்ணுதான்."

தலைமைப் பொறியாளர் தீர்ப்புச் சொன்னார். சோதனைக்கூடத்தை இனி நம்புவதாக இல்லை. ஒரு நிஜ வீட்டில், நிஜமாக ஒருவர் தூங்கும்போது, வெளிக்காற்று அடிக்கும் கதவில் இதை மாட்டிப் பார்க்க வேண்டும். சத்தத்துக்குக் குறைந்தது ஒன்பது வாங்கினால் கம்பெனி இதைச் செய்யும். இல்லாவிட்டால் மேலே இருந்து வந்த பேச்சைத் தடுக்க அவரால் ஆகாது. ஒரு நிபந்தனை, ஸ்க்ரூடிரைவர் அவர் மேசை இழுப்பறையில் இருக்கும்.

மாட்டிய கதவு எது என்று சொல்ல வேண்டியதில்லை. மூன்று நாள் அந்த வாசல் கதவு நன்றாகத்தான் மூடியது. ஆனால் அந்த மூன்று நாளும் இலை அசையாத புழுக்கம். காற்றில்லாத நாளில் கதவு மூடுவதில் என்ன பெருமை என்று மாமியாரே கேட்டுவிட்டார். சின்னவள் கதவைக் கடக்கும்போதெல்லாம் கை பரபரக்கும். கைப்பையைத் துழாவிவிட்டு வெறுங்கையைப் பிசைந்துகொள்வாள்.

நான்காம் நாள் காலையில் காற்று வந்தது. மாடிப்படி வளைவில் சுழன்று, துணிக்கொடியை முறுக்கி, ஓலமிட்டுக்கொண்டு வந்தது. அன்றுதான் பெரியவளுக்கு ரயில். உள்ளறையில் கணவன் அச்சகத்திலிருந்து வந்து அப்போதுதான் படுத்திருந்தான். குறட்டை சீராகத் தொடங்கியிருந்தது. தூங்குகிறவர் இருக்கிறார். காற்று இருக்கிறது. வெளியே போக ஆள் இருக்கிறது. இதைவிடப் பொருத்தமான பரீட்சை இனி வராது என்று சின்னவளுக்குத் தெரிந்துவிட்டது.

பெரியவள் மாமனாரின் காலில் விழுந்து எழுந்தாள். இந்த ஒரு வாரத்துக்கு எனக்கு எத்தனை மாமா என்று கேட்டாள். எட்டு. சின்னவளுக்கு? எட்டு. அத்தைக்கு? மாமனார் மனைவியை ஒருமுறை பார்த்துக்கொண்டு, யோசித்து, அதுவும் எட்டு என்றார்.

மாமியார் வாசல்வரை வந்தார். சூட்கேஸின் பிடியைச் சரிசெய்வதுபோல் குனிந்து, நீலச் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, பெரியவளிடம் சொன்னார்.

"உடம்பைப் பார்த்துக்கோ. ஆஸ்பத்திரி அது இதுன்னா மறைக்காம சொல்லு. சால்வைக்கெல்லாம் இனி நீ சிரமப்படாத. கடை தெருமுனையிலதான் இருக்கு. நானே போய் வாங்கிக்குவேன்."

இரண்டு மருமகள்களும் ஒருவரை ஒருவர் பார்க்கத் துணியாமல் தரையைப் பார்த்தார்கள். மாமியார் எதுவும் நடக்காததுபோல் திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்து, உள்ளறையைப் பார்த்தபடி காதைத் தீட்டிக்கொண்டார். மாமனார் பேப்பரை மடித்து வைத்தார். இந்த வீட்டில் பேப்பர் பாதியில் மடிக்கப்பட்டது அன்றுதான்.

பெரியவள் வெளியே போய் நின்று சூட்கேஸை இறக்கி வைத்தாள். கதவை முழுக்க, சுவரில் இடிக்கும்வரை, வேண்டுமென்றே தள்ளித் திறந்தாள்.

"கையை முதுகுக்குப் பின்னால கட்டு," என்றாள் தணிந்த குரலில். "தொட்டே, அப்புறம் அத்தை எனக்கு நல்ல பேர் சொல்லிடுவாங்க."

சின்னவள் கையைக் கட்டிக்கொண்டாள். பெரியவள் விட்டாள். காற்று ஓடிவந்து கதவைப் பிடித்துத் தள்ளியது. ஒரு கணம் கதவு அதன் பக்கம் சாய்வதுபோல் வேகமெடுத்தது. சின்னவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். குழாய்க்குள் காற்று 'ஸ்ஸ்' என்று ஒரு நீண்ட பெருமூச்சு விட்டது. கதவு தயங்கியது. இடுக்கில், கையசைத்துக்கொண்டு நின்ற பெரியவளின் புடவைக் கரை மெலிந்து மெலிந்து, ஒரு கோடாக, கதவு அந்தக் கடைசி விரல் அகலத்தில் நின்றது.

காந்தம் இழுத்தது. கதவு மூடிக்கொண்டது.

உள்ளறையில் குறட்டை அதே சீரில் போய்க்கொண்டிருந்தது.